கூப்பிட்டால் திரும்பாத பஞ்சு

தீபாவளிக் காலை. எண்ணெய் தேய்த்துக் குளித்த ஈரத்தலையோடு அடுப்படியில் நின்று ஒப்புட்டுப் போளிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். எதிர்வீட்டுப் பிள்ளைகள் நீளமான சரவெடி ஒன்றை எங்கள் கேட்டுக்கு நேராக விரித்துப் பற்றவைத்துவிட்டார்கள்.

வெடித்த வெடியில் ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. எப்போதும் தெருமுனையில் படுத்துக் கிடக்கும் செவலை நாய், வாலைக் கால்களுக்கு நடுவே சொருகிக்கொண்டு சாக்கடைப் பாலத்துக்கு அடியில் போய்ப் புகுந்தது. பக்கத்து வீட்டு லாப்ரடார் கட்டிலுக்கு அடியிலிருந்து ஊளையிட்டது சுவர் தாண்டிக் கேட்டது.

எங்கள் குட்டி பஞ்சு, வாசல் கால்மிதியில் நான்கு கால்களையும் மேலே தூக்கி மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தாள். கேட்டுக்கு அந்தப் பக்கம் சரவெடி, இந்தப் பக்கம் அவள். காது மடல்கூட அசையவில்லை.

குட்டிக்கு என்னமோ ஆகிவிட்டது என்று மாவுக் கையோடு ஓடிப்போய் அவள் வயிற்றில் கையை வைத்தேன். பதறித் துள்ளி எழுந்தவள் என் விரலை ஒரு கடி கடித்தாள். நான்தான் என்று தெரிந்ததும் வெட்கப்பட்டவள் போலக் குழைந்து, அதே விரலில் ஒட்டியிருந்த மாவை நக்க ஆரம்பித்தாள். மிச்ச வெடிகள் அவள் முதுகுக்குப் பின்னால் வெடித்துத் தீர்ந்தன. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நிமிர்ந்தேன். என் வீட்டுக்காரர் கதவோரம் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். வலது கையைத் தூக்கிக் காதைத் தொட்டார். பிறகு அந்தக் கையை விரித்து, இல்லை என்று ஆட்டினார்.

பஞ்சுவுக்குக் காது கேட்காது. எங்கள் வீட்டுக்கு வந்து அத்தனை வாரமாக அவள் ஏன் அப்படி இருந்தாள் என்பது அந்த ஒரு கையசைப்பில் எனக்கு விளங்கிப்போனது.

மைதானத்துக் குரல்

இந்தத் தொடரை ஆரம்பத்திலிருந்து படிக்கிறவர்களுக்கு என் குரலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. புதிதாக வந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் கோயமுத்தூரில் ஒரு பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். வாலிபால் நடுவராகவும் ஊர் ஊராகப் போயிருக்கிறேன். சத்தியமங்கலத்தில் ஒரு போட்டியில் மைக் கெட்டுப்போனபோது, மைதானம் முழுக்கக் கேட்கும்படி கடைசி வரை வாயாலேயே அறிவித்தவள் நான்.

எங்கள் பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை மரத்தில் ஏறியிருந்தாலும் சரி, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை சுவர் ஏறிக் குதிக்கப் பார்த்தாலும் சரி, நான் ஒரு சத்தம் போட்டால் இருந்த இடத்தில் அப்படியே நிற்பார்கள். குரல்தான் என் பிழைப்பு.

ஓய்வு பெற்ற பிறகு அந்தக் குரலுக்கு வேலை இல்லாமல் போனது. மகள் நித்யா பெங்களூரில் வேலைக்குப் போய்விட்டாள். ஒண்டிப்புதூர் வீட்டில் நானும் அவரும்தான். அவர் நூற்பாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பேச்சு குறைவு. வீட்டில் டி.வி. மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் வெள்ளகோவிலிலிருந்து என் தம்பி செல்வம் வந்து இறங்கினான். அவனுக்கு அங்கே தோட்டம் இருக்கிறது. அவன் வளர்க்கும் வெள்ளை ராஜபாளையம் நாய் குட்டி போட்டிருந்தது. காரின் பின்சீட்டிலிருந்து பிஸ்கட் அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்து என் மடியில் வைத்தான். உள்ளே ரோஜா நிற மூக்கோடு ஒரு வெள்ளை உருண்டை. மூச்சு விட்டபோது பால் வாசனை அடித்தது.

"இந்த வயசுல நமக்கெதுக்கு சாந்தா? கொழந்தை மாதிரிப் பாக்கோணும்" என்றார் அவர்.

"கொஞ்ச நாளைக்கு வெச்சுப் பாருங்க மாமா. புடிக்கலீன்னா நானே வந்து எடுத்துக்கறேனுங்க" என்றான் செல்வம்.

அவர் குனிந்து பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். குட்டி அவர் மூக்கை நக்கியது. நிமிர்ந்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "மில்லுல பஞ்சுப் பொதியைப் பிரிச்சா இப்படித்தான் இருக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். பெயர் அப்படித்தான் வந்தது.

யார் யாருக்குப் பயிற்சி

பிள்ளை வளர்த்தவர்களுக்கு நாய்க்குட்டி வளர்க்கத் தெரிந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நித்யாவுக்கு நடக்க வருவதற்கு ஒரு வருஷம் ஆனது. இவள் வந்த அன்றே ஓடினாள்.

வீட்டுக்குப் பின்னால் நித்திய மல்லிச் செடிக்குப் பக்கத்தில் மண் தரை இருக்கிறது. சாப்பிட்டதும் அங்கே தூக்கிக்கொண்டு போய் விடுவேன். பூவை மோந்து, மண்ணைக் கிளறி, என் புடவை நுனியைப் பிடித்து இழுத்து எல்லாம் செய்வாள். அந்த ஒன்றை மட்டும் செய்யமாட்டாள். வீட்டுக்குள் தூக்கி வந்து இறக்கிவிட்டதும் நேராகச் சாமி அறை வாசலுக்குப் போய், அங்கே விரித்திருக்கும் பாயில் நிம்மதியாக உட்கார்ந்து ஒன்றுக்கு இருந்துவிடுவாள். பினாயில் வாடையும் ஊதுபத்தி வாடையும் கலந்து, எங்கள் வீட்டுக்கே ஒரு புது மணம் வந்துவிட்டது.

பல்லோ ஊசி. அவருடைய செருப்பில் ஒன்று, டி.வி. ரிமோட்டின் பொத்தான்கள், விளக்கமாற்றின் பாதி, நான் ஆசையாக வாங்கிய சென்னிமலைப் போர்வையின் ஓரம் எல்லாம் போனது. போர்வையைப் பறிக்கப் போனால் அதையும் விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு இன்னும் இறுக்கிப் பிடிப்பாள். பெல்ட் மாட்டித் தெருவுக்குக் கூட்டிப் போனால், நடுத்தெருவில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கமாட்டேன் என்பாள். பின்னால் வந்த காய்கறி வண்டிக்காரர் வண்டியை நிறுத்தி, "தூக்கிக்குங்கம்மா, நடக்கறதா இல்லீங்க" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார்.

இதெல்லாம் எல்லாக் குட்டியும் செய்வதுதான் என்று நித்யா போனில் தேற்றினாள். பயிற்சி வீடியோக்களாக அனுப்பித் தள்ளினாள். "அம்மா, மொதல்ல பேரைப் பழக்கு. பேரைச் சொல்லிக் கூப்பிடு. திரும்பிப் பாத்ததும் துளி பிஸ்கட் குடு. அவ்வளவுதான்."

அவ்வளவுதானே என்று நானும் முற்றத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

"பஞ்சு!"

பஞ்சு எறும்பு வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பஞ்சூ!"

எறும்போடு கூடவே நடந்து போனாள். நான் மைதானக் குரலை எடுத்தேன். காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மல்லிகா தலையை நீட்டினார். லாப்ரடார் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர்.

"ஏனுங்க டீச்சர், நீங்க 'உட்காரு'ன்னு சொல்றப்பெல்லாம் எங்க ஊட்டு நாய் உட்கார்ந்துக்குதுங்க. 'வா'ன்னு சொன்னா வாசக் கேட்டுப் பக்கம் போய் நின்னுக்குதுங்க. எனக்கு ஒரு வேலை மிச்சமுங்க."

மானம் போனது. பீரோவைத் திறந்து பழைய விசிலைத் தேடி எடுத்தேன். மாடிப்படியில் நின்று ஊதினேன். தெருவில் பைக்கில் போனவர் பிரேக் போட்டு நின்று, போலீஸ் எங்கே என்று சுற்றும் முற்றும் பார்த்தார். இரண்டு வீட்டு ஜன்னல்கள் திறந்தன. பஞ்சு மட்டும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நித்திய மல்லிக்கு அடியில் குழி தோண்டிக்கொண்டிருந்தாள்.

பிடிவாதக்காரி என்றேன். புத்தி கொஞ்சம் கம்மியோ என்றுகூட நித்யாவிடம் சொன்னேன். ஆனால் சோறு பிசைந்தால் எந்த மூலையில் இருந்தாலும் வந்து நிற்கிறாளே! தயிர்சாதத்தின் வாசனைதான் அவளைக் கூப்பிட்டது என்பது எனக்கு அப்போது தெரியாது.

இன்னொன்றும் எனக்குப் புரியவில்லை. வேண்டாம் என்று சொன்ன மனுஷர் பின்னாலேயேதான் அவள் திரிந்தாள். அவர் பேப்பர் படித்தால் காலடியில். மோட்டார் போடப் போனால் பின்னால். இத்தனைக்கும் அவர் அவளை ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

ஆலைக்குள் ஒரு ஆயுத பூஜை

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். எனக்குக் கல்யாணம் ஆன புதிது.

என் மாமியார் வீட்டில் எல்லாரும் நன்றாகப் பேசுவார்கள், இவரைத் தவிர. காபி வேண்டுமானால் இரண்டு விரலை உதட்டுக்குக் கொண்டுபோவார். நேரம் கேட்க மணிக்கட்டைத் தட்டுவார். நான் பேச ஆரம்பித்தால் உள்ளங்கையைக் கவிழ்த்து மெல்லக் கீழே இறக்குவார், சத்தத்தைக் குறை என்று. என் மேல் ஏதோ கோபம் என்று நினைத்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய் அழுதேன். "வாத்தியார் வேலைக்குப் போற பொண்ணுன்னு தெரிஞ்சுதான கட்டுனாங்க, இப்ப பேசமாட்டேங்கறாங்களே" என்று.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு ஆலைக்குள் குடும்பங்களை விட்டார்கள். மாலை போட்டு, சந்தனம் தெளித்து, இயந்திரங்கள் எல்லாம் கல்யாண மாப்பிள்ளைகள் போல நின்றன. வந்தவர்களுக்குக் காட்டுவதற்காக ஒரு வரிசையை மட்டும் ஓட்டினார்கள். ஓட்டியதும் நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். நூல் சுற்றும் கதிர்கள் ஆயிரக்கணக்கில் ஒன்றாகச் சுழலும் இரைச்சல் அது. பக்கத்தில் நின்ற என் மாமியார் ஏதோ சொன்னார். வாய் அசைந்தது மட்டும்தான் தெரிந்தது.

அந்த இரைச்சலுக்கு நடுவில் என் வீட்டுக்காரர் கொஞ்சம் தள்ளி இன்னொருவரோடு பேசிக்கொண்டிருந்தார். கையால். இவர் ஏதோ காட்ட, அந்த ஆள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பதிலுக்கு அந்த ஆள் ஏதோ காட்ட, இவர் தலையில் அடித்துக்கொண்டார். வீட்டில் பேசாத மனுஷர் அங்கே வாயாடியாக இருந்தார்!

அன்றைக்குத் திரும்பி வரும்போது பஸ்ஸில், ஒவ்வொரு சைகையாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இரண்டு கைகளையும் அகல விரித்து மார்புக்கு இழுத்தால், 'நூல் கட்டை நிரம்பிடுச்சு, எல்லாரும் வாங்க' என்று அர்த்தம். கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துக் காற்றில் நூல் இழுப்பது போலக் காட்டினால், 'நூல் நல்லா வருது' என்று அர்த்தம். காதைத் தொட்டுக் கையை விரித்தால், 'கேக்கலை.'

தீபாவளிக் காலையில் கதவோரம் நின்று அவர் காட்டியது அதைத்தான்.

தட்டும் தரையும்

ஒப்புட்டு மாவு அப்படியே கிடந்தது. அவர் அடுப்படியிலிருந்து எவர்சில்வர் தட்டு ஒன்றையும் கரண்டியையும் எடுத்து வந்தார். பஞ்சுவுக்குப் பின்னால் போய் நின்று தட்டினார். நான் திடுக்கிட்டேன். அவள் மாவு ஒட்டிய மூக்கை நக்கிக்கொண்டிருந்தாள். தட்டைக் கீழே வைத்துவிட்டு, காலால் தரையை ஒரு மிதி மிதித்தார். சட்டென்று திரும்பி, வாலை ஆட்டிக்கொண்டு அவரிடம் ஓடினாள்.

தரை அதிர்ந்தது அவளுக்குத் தெரிந்திருந்தது.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். மடியில் ஏறிக்கொண்டாள். காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்து "பஞ்சு" என்றேன். என் மூச்சுக் காற்று கூசியதோ என்னவோ, தலையை உதறினாள். என் குரல் எப்படியிருக்கும் என்று இவளுக்குத் தெரியவே போவதில்லை.

பண்டிகை முடிந்ததும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனோம். டாக்டர் பவித்ரா என் மாணவி. என் வாலிபால் அணியில் பந்தைத் தூக்கிக் கொடுக்கிற இடத்தில் ஆடியவள். என்னைப் பார்த்ததும் இன்றைக்கும் நிமிர்ந்துதான் நிற்கிறாள்.

பல விதமாகச் சோதித்துப் பார்த்துவிட்டு, "ரெண்டு காதும் கேக்காதுங்க டீச்சர். பொறவியிலயே அப்படித்தானுங்க. வெள்ளைக் குட்டிகள்ல சிலதுக்கு இப்படி வரும்" என்றாள்.

"மருந்து ஏதாவது கண்ணு?"

"இல்லீங்க டீச்சர். ஆனா அவளுக்கு ஒரு கொறையும் தெரியாதுங்க. நமக்குத்தான் பழகோணும். தூங்கறப்ப சட்டுனு தொட்டுப்போடாதீங்க, மூக்குக்கிட்டக் கையை வெச்சு மோந்து பாக்க விடுங்க. வெளிய பெல்ட் இல்லாம விடவே வேண்டாமுங்க. அப்புறம், அவ உங்க மொகத்தைப் பாக்கறப்பெல்லாம் ஏதாச்சும் குடுங்க. பாக்கறதுதான் அவளுக்குக் கேக்கறது."

கிளம்பும்போது அவளே சிரித்துவிட்டாள். "அத்தனை பேரையும் சத்தம் போட்டே நிக்க வெச்சீங்க டீச்சர். உங்களுக்குன்னு பாத்து வந்திருக்குது பாருங்க!"

செல்வத்தின் யோசனை

தம்பிக்குச் செய்தி போனது. அவனுக்கு மனசு கேட்கவில்லை. கொடுத்த பொருளில் பழுது இருந்துவிட்டதே என்கிற வருத்தம்.

"அக்கா, செவிட்டு நாயை வெச்சுட்டு நீங்க ரெண்டு பேரும் என்ன பண்ணுவீங்க? கேட்டு தெறந்திருந்து ரோட்டுக்குப் போயிருச்சுன்னா ஹாரன் கூட கேக்காது. கொண்டாந்து விட்டுருங்க. அடுத்த ஈத்துல நல்ல குட்டியாப் பாத்து எடுத்து வெக்கறேன்."

"இவளை என்ன பண்ணுவ?"

"தோட்டத்துல கட்டிப் போட்டுட்டா அதுபாட்டுக்குக் கெடக்குது போங்க."

அவன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. எனக்கே பயமாகத்தான் இருந்தது. ஒண்டிப்புதூரில் எங்கள் தெரு முடியும் இடத்தில் பஸ் போகும் சாலை. ஸ்பீக்கர் போனில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அவரைப் பார்த்தேன்.

அவர் தரையை மிதித்தார். பஞ்சு திரும்பினாள். அவர் இரண்டு கைகளையும் அகல விரித்து மார்புக்கு இழுத்தார். அவள் ஓடிவந்து அவர் மடியில் ஏறினாள். கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, அவள் முகத்துக்கு முன்னால் காற்றில் நூல் இழுத்துக் காட்டினார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டு பிஸ்கட்டை எடுத்துக் கொடுத்தார்.

எனக்குத் தெரியாமல் அவர் பயிற்சியை ஆரம்பித்துவிட்டிருந்தார்!

"மாமா என்ன சொல்றாருங்கக்கா?" என்றான் செல்வம் போனில்.

"கை வேலையா இருக்கறாரு கண்ணு. அப்பறம் பேசறேன்" என்று வைத்துவிட்டேன்.

இரண்டு கைப்பாஷை

அவருக்கு ஆலைச் சைகை என்றால் எனக்கு நடுவர் சைகை இல்லையா? நானும் விடவில்லை. கையை நீட்டித் தரையைக் காட்டினால் வாலிபாலில் பந்து கோட்டுக்கு உள்ளே என்று அர்த்தம். அதைப் பஞ்சுவுக்கு 'உட்கார்' ஆக்கினேன். இரண்டு முழங்கையையும் மடக்கி, உள்ளங்கைகள் என் முகத்தைப் பார்க்கத் தூக்கினால் பந்து வெளியே, அது 'வா'.

"ரெண்டு பேரும் ஆளுக்கொன்னு காட்டுனா கொழம்பிப்போயிரும்" என்றார் அவர்.

"அப்ப நீங்க என்னுதைக் காட்டுங்க."

"வர்றது என்னுதுக்குத்தான?"

இதற்காக நாங்கள் போட்ட அளவுக்குச் சண்டை, கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் வேறு எதற்கும் போட்டதில்லை. அவர் வாயைத் திறந்து அவ்வளவு நேரம் பேசியதும் இல்லை. பஞ்சு குழம்பவே இல்லை. இரண்டையும் படித்துக்கொண்டாள். அவர் விரித்தாலும் வந்தாள், நான் தூக்கினாலும் வந்தாள். எங்கள் இரண்டு பேர் சட்டைப் பையிலும் புடவை முடிச்சிலும் எப்போதும் பிஸ்கட் தூள்.

முகத்தைப் பார்க்கப் பழக்கியதுதான் மிகவும் நேரம் பிடித்தது. வேப்பங்கொட்டை, காக்கா, காற்றில் போகும் காகிதம் எல்லாம் எங்கள் முகத்தைவிடச் சுவாரசியமானவை. பொறுமையாகக் காத்திருப்போம். தற்செயலாகத் திரும்பிப் பார்த்தால் நூல் இழுத்துக் காட்டி ஒரு துண்டு கொடுப்போம். மெல்ல மெல்ல, நடக்கும்போது நாலு எட்டு வைத்துவிட்டு ஒரு முறை தலையைத் திருப்பி எங்களைப் பார்க்க ஆரம்பித்தாள். சாமி அறைப் பாய்க்கும் ஒரு வழியாக விடுதலை கிடைத்தது.

என்னிடமும் ஒரு மாற்றம் வந்தது. கத்திப் பயனில்லை என்று தெரிந்ததும் முகத்தால் பேசக் கற்றுக்கொண்டேன். சந்தோஷம் என்றால் கண்ணை விரித்து, கோபம் என்றால் உதட்டைச் சுருக்கி. மல்லிகா சுவரோரம் நின்று, "ஏனுங்க டீச்சர், சத்தத்தையே காணோமே, ஒடம்புக்குச் சேரலீங்களா?" என்று கேட்டார். அவர் வீட்டு லாப்ரடார் பழையபடி யார் சொன்னாலும் உட்காருவதில்லையாம்.

வெள்ளகோவிலில் பால் காய்ச்சிய அன்று

தை பிறந்ததும் செல்வம் தோட்டத்தில் கட்டியிருந்த புது வீட்டுக்குப் பால் காய்ச்சினான். பஞ்சுவையும் கூட்டிக்கொண்டு போனோம். அவன் மறக்கவில்லை. மாட்டுக் கொட்டகை ஓரத்தில் ஒரு கூடையில், தெரிந்தவரிடம் சொல்லி வாங்கி வைத்திருந்த பழுப்புக் குட்டி ஒன்று காத்திருந்தது. நான் விரலைச் சொடுக்கியதும் இரண்டு காதையும் தூக்கிப் பார்த்தது. நல்ல குட்டிதான்.

"போறப்ப இதை எடுத்துக்குங்கக்கா. அதை உட்டுட்டுப் போங்க. நான் உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றான்.

"சாப்புட்டுட்டுப் பேசலாம் கண்ணு" என்றேன்.

பந்தி முடிந்து, வந்தவர்கள் எல்லாம் வேப்ப மரத்து நிழலில் நாற்காலிகளில் சாய்ந்திருந்தார்கள். பஞ்சு என் கையில், பெல்ட்டோடு. மாடு மேய விடும் காட்டுக்குள்ளிருந்து மயில் ஒன்று தோகையை இழுத்துக்கொண்டு வெளியே வந்தது. பஞ்சு அதற்கு முன் மயிலைப் பார்த்ததில்லை. பின்னுக்கு ஒரு இழுப்பு இழுத்தாள். கழுத்துப் பட்டை தலை வழியாகக் கழன்று என் கையோடு வந்துவிட்டது.

வெள்ளைக் கோடு மாதிரிப் பறந்தாள். மயில் எழும்பி மரத்தில் உட்கார்ந்துகொண்டது. இவள் நிற்கவில்லை. காடு முழுக்கக் காய்ந்த புல், சுற்றிலும் கிளுவை வேலி. ஆனால் விருந்துக்கு வந்த கார்களுக்காக வேலிப் படலை அகலத் திறந்து வைத்திருந்தார்கள். படலுக்கு வெளியே காங்கயம் கரூர் சாலை. லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன.

"பஞ்சூ!" என்று கத்திவிட்டேன். எத்தனை வருஷப் பழக்கம், வாய் தானாகத் திறந்துகொண்டது. கூட்டம் முழுக்கக் கத்தியது. செல்வமும் இன்னும் சிலரும் அவள் பின்னால் ஓடினார்கள். ஓரக்கண்ணில் அவர்கள் ஓடிவருவது தெரிந்ததும் அவளுக்கு ஒரே குஷி. துரத்தி விளையாடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு இன்னும் வேகம் எடுத்தாள்.

"ஓடாதீங்க! எல்லாரும் நில்லுங்க!"

யாருடைய குரல் அது என்று திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நின்றிருந்த டிராக்டர் மேல் ஏறிக்கொண்டிருந்தார். ஓடியவர்கள் நின்றுவிட்டார்கள். அவர் டிராக்டர் சீட்டின் மேல் நிமிர்ந்து நின்று, இரண்டு கைகளையும் அகல விரித்தார். விரித்தபடி நின்றார். அவள் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

நானும் வாயை மூடிக்கொண்டேன். கைகளைத் தூக்கினேன், உள்ளங்கைகள் என் முகத்தைப் பார்க்க. பட்டுப்புடவை கட்டிய பி.டி. டீச்சரும் டிராக்டர் மேல் ஒரு வேட்டி மனுஷரும் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பதைச் சொந்தபந்தம் முழுக்க வாயைப் பிளந்து பார்த்தது.

அவள் படலுக்குப் பக்கத்தில் போய்விட்டாள். வெளியே ஒரு லாரி புழுதி கிளப்பிக்கொண்டு போனது. பார், பஞ்சு. ஒரே ஒரு முறை பார்.

தனக்குப் பின்னால் யாரும் ஓடிவரவில்லை என்று தெரிந்ததாலோ, இல்லை பழக்கமோ, படலைத் தாண்டும் இடத்தில் அவள் வேகம் குறைந்தது. நின்றாள். தலையைத் திருப்பினாள்.

அவர் கைகளை மார்புக்கு இழுத்தார். மறுபடி விரித்து, மறுபடி இழுத்தார்.

வந்தாள். வந்த வேகத்தில் காதுகள் பின்னால் ஒட்டிக்கொண்டன. அவர் டிராக்டரிலிருந்து இறங்கி, அவளைப் பார்த்துக்கொண்டே, அவள் இன்னும் வேகமாக வரட்டும் என்று எதிர்ப்பக்கமாக, வீட்டை நோக்கி ஓட ஆரம்பித்தார். முட்டி வலி என்று மாடிப்படி ஏற மாட்டேன் என்கிற மனுஷர்! மாட்டுக்குச் சோளத் தட்டை குவித்து வைத்திருந்த இடத்தில் கால் தடுக்கி அதன் மேலேயே மல்லாந்து விழுந்தார். பஞ்சு ஒரே தாவில் அவர் நெஞ்சின் மேல் ஏறினாள்.

நான் கையில் கழுத்துப் பட்டையோடு ஓடினேன். எனக்கு முன்னால் செல்வம் போய்விட்டான். குனிந்து, பட்டையை என் கையிலிருந்து வாங்கி, அவனே அவள் கழுத்தில் மாட்டி, ஒரு துளை இறுக்கிப் போட்டான். மூச்சு வாங்கிக்கொண்டே அவள் தலையில் கையை வைத்தான்.

"இவளை நீங்களே வெச்சுக்குங்கக்கா" என்றான். "அந்தக் குட்டி இங்கயே இருக்கட்டும்."

அவர் எழுந்திருக்கவில்லை. தலைமுடியில் தட்டைத் தூசி, சட்டையில் பாதத் தடங்கள். அவள் அவர் மூக்கையும் கண்ணையும் மாற்றி மாற்றி நக்க, அவர் சிரித்தார். உதட்டோரச் சிரிப்பு இல்லை. வாய் விட்டு, வயிறு குலுங்க, மரத்து மயில் பயந்து பறக்கும்படி ஒரு சிரிப்பு. அவரால் இவ்வளவு சத்தமாகச் சிரிக்க முடியும் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

அங்கே கூடியிருந்தவர்களில் அந்தச் சிரிப்பைக் கேட்காதவள் அவள் ஒருத்திதான். ஆனால் நக்குவதை நிறுத்திவிட்டு, தலையைச் சாய்த்து, அவர் முகம் சிரிப்பதை அவ்வளவு கிட்டத்திலிருந்து அவள்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.